மேல் வீட்டை வாங்குமுன் கீழ் வீட்டின் கதவைத் தட்டுங்கள்

வீடு கட்டிக்கொண்டிருப்பவரிடம் “தளம் போட்டாயிற்றா?” என்று சென்னையில் யாராவது கேட்டால், அவர் கேட்பது காலுக்குக் கீழே உள்ளதைப் பற்றியன்று, தலைக்கு மேலே வரப்போகும் கான்கிரீட்டைப் பற்றித்தான். காலுக்குக் கீழே இருப்பதைத் தரை என்போம். அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் இந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. இரண்டாம் மாடிக்காரர் டைல்ஸ் பதித்து மெழுகித் துடைக்கும் தரையின் அடியில் இருப்பது, முதல் மாடிக்காரர் படுத்துக்கொண்டு பார்க்கும் தளம். வாங்க வருபவர் மேலே நின்று தரையைப் பார்த்துவிட்டுப் போகிறார். தளத்தின் உண்மையான நிலையோ கீழ் வீட்டில்தான் தெரியும். சென்ற ஆண்டு முழுவதும் மனைவியும் நானும் பழைய வீடுகளைப் பார்த்து அலைந்ததில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இதைச் சுற்றியே அமைந்தது என்பதால், அதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

எங்களுடன் வந்தவர், பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா. அவருடைய துணிப்பையில் ஒரு டார்ச், ஒரு ரசமட்டம், கைத்தடி அளவிலான ஒரு தேக்குக் குச்சி, பத்து மீட்டர் நீளமுள்ள, கண்ணாடிபோல உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் டியூப் ஆகியவை இருந்தன. தரகர்களுக்கு அந்தப் பையைக் கண்டாலே முகம் சுருங்கிவிடும். “டைல்ஸ் எல்லாம் போன வருஷம்தான் சார் மாத்தினாங்க” என்று எந்தத் தரகராவது பெருமையாகச் சொன்னால், “ஏன் மாத்தினாங்க?” என்று சித்தப்பா திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்கு நேரான விடை சொன்ன தரகர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

முதலில் பார்த்தது மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீடு. கூடத்தின் ஒரு மூலையில் தரை உட்கார்ந்திருந்தது. சுவரோரத்தில் ஒட்டியிருந்த ஸ்கர்ட்டிங் டைல் தன் இடத்திலேயே நிற்க, தரை டைல் மட்டும் கீழிறங்கி, இடையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் படுத்த வாக்கில் தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. என் மனைவி அங்கேயே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். சித்தப்பாவோ அறை அறையாகச் சுவர்களைப் பார்த்துவிட்டு வந்து, இது அவ்வளவு பயப்பட வேண்டிய விஷயம் அன்று என்றார்.

காரணம் இதுதான். தூண் வைத்துக் கட்டும் வீட்டில் சுவர்களின் சுமை, தரைமட்டத்தில் தூண்களை இணைக்கும் கான்கிரீட் உத்தரமான பிளின்த் பீம் வழியாகத் தூண்களுக்கும், தூண்கள் வழியாக அஸ்திவாரத்துக்கும் போகிறது. கீழ்த்தளத் தரைக்கு அதில் பங்கு இல்லை. பீம்களுக்கு இடைப்பட்ட குழியில் மண்ணைக் கொட்டி, மேலே மணல் பரப்பி, நான்கு அங்குலத்துக்குச் சாதா கான்கிரீட் போட்டு, அதன் மேல் டைல்ஸ் பதிக்கிறார்கள். அந்த மண்ணை அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல், இடித்த வீட்டுக் கழிவைக் கொண்டுவந்து ஒரே நாளில் நிரப்பிவிட்டால், சில மழைக்காலங்களுக்குள் அது தானே இறங்கி இறுகும். தரையும் கூடவே இறங்கும். சுவரில் விரிசல் இல்லாமல் தரை மட்டும் இறங்கியிருந்தால் அது நிரப்பு மண்ணின் குறை. டைல்ஸைப் பெயர்த்து, மண்ணை இறுக்கி, மறுபடி கான்கிரீட் போட்டால் தீர்ந்துவிடும். ஆனால் கழிவுநீர்க் குழாய் உடைந்து, கசிவில் மண் அரித்துக்கொண்டு போவதாலும் தரை இறங்கலாம் என்பதால், இறங்கிய இடத்துக்கு அருகில் குளியலறையோ சாக்கடைத் தொட்டியோ இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அதே பகுதியில், சில தெருக்கள் தள்ளி நாங்கள் பார்த்த இன்னொரு வீட்டில் தரை வழவழவென்று மட்டமாக இருந்தது. அதைத்தான் சித்தப்பா வேண்டாம் என்றார். சன்னல்களின் மூலையிலிருந்து சாய்வாகப் புறப்பட்ட விரிசல்கள், ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் மயிரிழையாகவும், இரண்டு அறைகளில் ஒரே திசையில் ஓடின. ஒரு கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. இறங்குவது தரையன்று, வீட்டின் ஒரு பக்கம்.

சென்னையின் மண் ஓர் ஊரின் மண்ணன்று. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் தோண்டினால் பாறை; பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கரையோரம் மணல்; வேளச்சேரி, பள்ளிக்கரணை சுற்றுவட்டாரத்தில் ஏரியும் சதுப்புமாக இருந்த இடங்களில் களிமண். தியாகராய நகரே 1920களில் ஒரு பெரிய ஏரியின் நிலத்தில் எழுந்ததுதான். ஏரி போய் நூறு ஆண்டு ஆகியும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. களிமண் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதும். சித்திரை, வைகாசி வெயிலில் சுருங்கும். அந்த மண்ணில் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்ட வீடு ஆண்டுதோறும் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். ஆகவே விரிசலின் ஓரத்தில் பென்சிலால் தேதியிட்டுக் கோடு போட்டு, மழைக்கு முன்னும் பின்னும் பார்ப்பதே சிறந்த வழி. வாங்குபவருக்கு அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம். குறைந்தபட்சம், வீட்டை ஒருமுறையாவது கோடையில் பார்ப்பது நல்லது. மழைக்காலத்தில் ஊதிய மண் விரிசலை மூடிக் காட்டும்.

மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததும், அருகில் நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்ததும் நம் ஊரில் யாருக்கும் மறந்திருக்காது. அந்தச் செய்தியைப் பார்த்து நானும் புதுக் கட்டடங்கள் மீதுதான் பயம் கொண்டிருந்தேன். சித்தப்பாவின் கவலையோ, நாற்பது ஆண்டுகளாக யாரும் திரும்பிப் பார்க்காத மூன்று மாடிக் குடியிருப்புகளைப் பற்றியது.

அப்படி ஒன்றைத் திருவான்மியூரில் பார்த்தோம். எண்பதுகளில் கட்டியது, கடல் நடந்துபோகும் தூரம், இரண்டாம் மாடி, நல்ல காற்று. தரையில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் பளபளத்தன. என் மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. சித்தப்பா உள்ளே வந்ததும் தரையைப் பார்க்கவில்லை. கதவுகளின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தார். எல்லாக் கதவுகளும் கீழே இழைக்கப்பட்டிருந்தன. படிக்கட்டு முடியும் இடத்திலிருந்து வீட்டுக்குள் நுழைய இரண்டரை அங்குல ஏற்றம் இருந்தது. பழைய மொசைக்கை உடைக்காமல் அதன் மேலேயே கலவை பரப்பி டைல்ஸ் பதித்திருக்கிறார்கள் என்பதற்கு இவையே போதுமான சாட்சி.

இதில் என்ன தவறு என்று நான் கேட்டேன். அவர் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். ஐந்து சென்டிமீட்டர் சிமென்ட் கலவை ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் வரும்; டைல்ஸையும் சேர்த்தால் 125 கிலோவை ஒட்டி நிற்கும். குடியிருப்பு அறையின் தளத்துக்கு ஆட்கள், சாமான்கள் என்று நம் நாட்டு விதிமுறை ஒதுக்கும் சுமையே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோதான். அதில் பாதிக்கு மேல், யாரும் குடிவருமுன்பே, நிரந்தரமாக ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒரு நல்ல தளம் இதைத் தாங்கிவிடக்கூடும். இது நல்ல தளம்தானா என்பதுதான் கேள்வி.

அதற்காகக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினோம். முன்பின் தெரியாத வீட்டில் போய், உங்கள் கூரையைப் பார்க்கலாமா என்று கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. கதவைத் திறந்த பெரியம்மா, நாங்கள் சொல்லி முடிக்குமுன்பே, “வாங்க, வாங்க, அந்த பாத்ரூமை முதல்ல பாருங்க” என்று உள்ளே அழைத்துப் போனார். பல ஆண்டுகளாக அவர் சொல்லக் காத்திருந்த கதையைக் கேட்க ஆட்கள் வந்திருக்கிறார்கள் அல்லவா?

குளியலறைக் கூரையில் காரை ஒரு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. உள்ளே கம்பிகள் செதில் செதிலாகத் துரு உரித்துக்கொண்டு நின்றன. படுக்கை அறையில் காரை விழவில்லை. வெள்ளையடித்த பரப்பில், சுமார் அரையடி இடைவெளியில், பழுப்புக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. அவை எங்கே போகின்றனவோ அங்கே கம்பிகள் இருக்கின்றன என்றார் சித்தப்பா. தேக்குக் குச்சியால் தட்டியபோது, சில இடங்களில் கல்லைத் தட்டிய ஓசையும், சில இடங்களில் காலிப் பானையைத் தட்டிய ஓசையும் வந்தன. காலி ஓசை வந்த இடத்தில் கான்கிரீட் கம்பியை விட்டு உள்ளுக்குள்ளேயே பிரிந்துவிட்டது. விழுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கம்பி துருப்பிடிப்பதில் இரண்டு வழிகள் உண்டு. புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரம் கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊறிக் காரத்தைக் குறைத்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். இது முதல் வழி. இரண்டாவது உப்பு. கடற்காற்றின் உப்போ, கட்டும்போதே கலவையில் சேர்ந்துவிட்ட உப்போ, காரம் குறையாமலே கம்பியைத் தின்னத் தொடங்கிவிடும். வலுவூட்டிய கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது விதி. எண்பதுகளில் கடலோரப் போர்வெல்லில் இறைத்த தண்ணீரை யார் சோதித்துப் பார்த்தார்கள்? துரு என்பது, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் கான்கிரீட் வெடித்துக் காரையாக உதிர்கிறது.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இன்றைய விதிமுறை, பாதுகாப்பான உட்புறத் தளத்துக்கு 20 மில்லிமீட்டரும், உப்பு நிறைந்த கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டரும் கேட்கிறது. அந்தக் குளியலறையில் உடைந்த விளிம்பில் சித்தப்பா அளந்தபோது பத்து மில்லிமீட்டர்கூடத் தேறவில்லை. கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வைக்காமல், கான்கிரீட்டைத் தாங்கும் சென்டரிங் பலகையின் மேலேயே கம்பியைக் கிடத்திக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள்.

பால்கனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற தளங்களில் முக்கியமான கம்பி அடிப்பக்கம் இருக்கும். ஆகவே கீழிருந்து பார்த்தால் நோய் தெரியும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் சுமை தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்கிறது. கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அதன் மேல் நடந்து மிதித்து, மேலே இருக்க வேண்டியதை நடுவுக்கு இறக்கிவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. பிறகு வாட்டம் சரியில்லாமல் மழைநீர் தேங்கினால், டைல்ஸின் அடியில் அந்தக் கம்பி சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். கீழே நின்று பார்ப்பவருக்குக் கூரை பழுதில்லாமல் தெரியும். பால்கனி வீட்டோடு சேரும் இடத்தில், கதவு வாசலை ஒட்டி, நீளவாக்கில் ஒரு விரிசல் இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். இருந்தால், அங்கே துணி உலர்த்தும் கொடிக்கு மேல் எதையும் நம்பி வைக்காதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள். அந்தத் திருவான்மியூர் பால்கனியில் உரிமையாளர் முப்பது பூந்தொட்டிகள் வைத்திருந்தார். மிக அழகான செடிகள். நான் இரண்டடி பின்வாங்கி நின்று ரசித்தேன்.

வீட்டு உரிமையாளரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கீழ் வீட்டில் தளத்தை மறைக்கும் போலிக் கூரையான ஜிப்சம் பால்ஸ் சீலிங் போட்டுக்கொள்ளும்படி தாம் அப்போதே யோசனை சொன்னதாகவும், செலவில் பாதியைத் தரவும் முன்வந்ததாகவும் வருத்தத்தோடு சொன்னார். அதன் பிறகு பால்ஸ் சீலிங் உள்ள வீடு எதைப் பார்த்தாலும், விளக்கு பொருத்திய ஓட்டைகளில் ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லி, மொபைல் போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. கழற்ற மறுத்த இரண்டு வீடுகளை நாங்கள் மேற்கொண்டு பார்க்கவில்லை. தரைமட்டத்தில் கார் நிறுத்தும் இடம் விட்டுக் கட்டிய குடியிருப்பானால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அங்கே எந்தப் பூச்சும் மறைக்காமல் பீமும் தளமும் தெரியும். ஐந்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தக் கட்டடத்தை எப்படிக் கட்டினார்கள் என்பது விளங்கிவிடும்.

தளம் தொய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சிலர் தரையில் கோலிக்குண்டை உருட்டுகிறார்கள். டைல்ஸ் போடும் மேஸ்திரி கலவையைக் கூட்டிக் குறைத்து மேல்மட்டத்தைச் சரிசெய்துவிடுவார் என்பதால் அது ஒன்றையும் சொல்லாது. அளக்க வேண்டியது அடிப்பக்கத்தை. அந்த பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளிலும் ஒரே மட்டத்தைச் சுவரில் குறித்து, அங்கிருந்து கூரை வரை சுவரோரத்திலும் அறையின் நடுவிலும் அளந்தால் தொய்வு தெரிந்துவிடும். நீளத்தில் 250இல் ஒரு பங்கு என்பது விதிமுறை அனுமதிக்கும் எல்லை. பன்னிரண்டு அடி அறைக்குச் சுமார் 15 மில்லிமீட்டர். பூச்சின் ஏற்றத்தாழ்வும் அதில் சேரும் என்பதால், ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்காக வீட்டைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

கருவிகளோடு வரும் பொறியாளர்களையும் ஒருமுறை அழைத்தோம். சுத்தியல்போன்ற கருவியை அழுத்தி, அது எகிறும் அளவைக் கொண்டு கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் ரீபவுண்ட் ஹாமர் சோதனையைத்தான் பலரும் செய்கிறார்கள். கரியமில வாயு ஊறிய பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு இறுகிப்போயிருப்பதால் அது பலத்தைக் கூட்டிக் காட்டும். அதை மட்டும் செய்துவிட்டு அறிக்கை தருபவரிடம் எச்சரிக்கை தேவை. ஒலி அலையை உள்ளே செலுத்தும் சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்ல வேண்டும். ஒரு சிறு மூலையை உடைத்து, காரம் பட்டால் நிறம் மாறும் பினால்ப்தலீன் என்ற திரவத்தைத் தெளிப்பது மிக எளிது: ஊதா கலந்த இளஞ்சிவப்பு வந்தால் காரம் இருக்கிறது, நிறமே மாறாத பகுதி கம்பி வரை எட்டியிருந்தால் காப்பு போய்விட்டது. கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் சோதனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், துரு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம்.

இதில் சட்டமும் நுழைகிறது. புதுக் குடியிருப்பில், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை கண்டால், கட்டியவரே செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும் என்று வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் சொல்கிறது. பழைய வீட்டில் அந்தப் பிடி இல்லை. அங்கே நாம் வாங்குவது நம் வீட்டை மட்டுமன்று. தளத்தையும் தூண்களையும் பழுதுபார்க்கப் பணம் போட மனம் வருகிற, அல்லது வராத, அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துத்தான். குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பது, வில்லங்கச் சான்றிதழ் படிப்பதைவிடச் சுவையானது. பத்தாண்டுகளாக ஒரே கசிவைப் பற்றித் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கும் சங்கங்கள் இருக்கின்றன.

திருவல்லிக்கேணியில் ஒரு மெட்ராஸ் டெரஸ் வீட்டையும் ஆசைக்குப் பார்த்தோம். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்திக் கட்டிய தளம் அது. அதில் துருப்பிடிக்கக் கம்பியே கிடையாது. சுவருக்குள் நுழையும் உத்தர முனைகளைத்தான் பார்க்க வேண்டும். ஈரமும் கரையானும் அங்கேதான் கூடு கட்டும். ஸ்க்ரூடிரைவரால் குத்தியபோது மூன்று உத்தரங்கள் கல்லாக நின்றன. நான்காவதில் பிடி வரை இறங்கியது.

கடைசியில் நாங்கள் வாங்கியது மேற்கு மாம்பலத்தில், முதல் மாடி. அங்கும் கீழ் வீட்டுக் குளியலறைக் கூரையில் ஈரக்கறை இருந்தது. வெள்ளை உப்பும் பூத்திருந்தது. ஆனால் தட்டிய இடமெல்லாம் கல்லோசை; படுக்கை அறைகளில் கறையோ கோடோ இல்லை; பினால்ப்தலீன் மேல்தோலுக்கு அடியிலேயே சிவந்தது. குறை தளத்தில் இல்லை, மேலே குழாய்கள் போவதற்காகத் தாழ்த்திப் போட்ட குளியலறைப் பள்ளத்தில்தான் இருக்கிறது என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். பழுதுபார்க்கும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பத்திரம் பதிந்தோம்.

குடிபோகுமுன் அந்தக் குளியலறையை உடைத்தபோது, ஓரடிப் பள்ளத்தில் நிரப்பியிருந்த செங்கல் கழிவு, பானையில் ஊறிய அரிசிபோல நீர் கோத்துக் கிடந்தது. ஆட்கள் அதை நாற்பதுக்கு மேற்பட்ட கூடைகளில் அள்ளினார்கள். விரிசல்விட்ட குழாய் இணைப்பு ஒன்று அடியில் அகப்பட்டது. பள்ளத்தைக் காயவிட்டு, நீர்காப்புப் பூச்சு பூசி, டைல்ஸ் போடுமுன் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்தினோம். மூன்றாம் நாள் காலையில் நான் கீழே போகத் தேவையிருக்கவில்லை. கீழ் வீட்டு மாமா தாமே மாடியேறி வந்து, விடியற்காலையில் நாற்காலி போட்டு ஏறிக் கூரையைத் தடவிப் பார்த்ததாகவும், கை ஈரமாகவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.